பதினாறு என்று அடித்தால்

பதினாறு சரியாகத்தான் வந்தது. வந்ததா? வந்தது, வந்தது, சும்மா எத்தனை தடவைதான் பார்ப்பது என்று தவசிகாமணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் மட்டும் என்ன, நடுவில் இருக்கிற சாம்பல் பொட்டு போய்விடவா போகிறது, அது இமைக்கு உள்ளேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாளையங்கோட்டையில் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஒரு தண்டனை. ஃபேன் சுற்றுகிறதே தவிர வெக்கையைத்தான் அள்ளி அள்ளிப் போடுகிறது. கீபோர்டில் ஒன்று, ஆறு என்று தட்டினால் திரையில் ஒன்றும் ஆறும் வராது. போர்த்துகீசிய மொழியில் பதினாறுக்கு என்ன சொல்லோ அது, டெஸெஸெய்ஸ் என்று முழு வார்த்தையாக வந்து நிற்கும். அப்படி ஒரு ஃபான்ட், கம்ப்யூட்டர் எழுத்து, இவர் வரைந்தது. பிரேசிலில் மருந்து டப்பாவுக்கு லேபிள் அச்சடிக்கிற ஒரு கம்பெனி கேட்டிருந்தது. மாத்திரை எத்தனை என்பதை எண்ணில் மட்டும் போட்டால் யாராவது ஒன்றை ஏழென்று வாசித்துத் தொலைப்பார்களாம், அதனால் பக்கத்திலேயே எழுத்திலும் வரவேண்டும், லேபிள் அடிக்கிற பிள்ளை எழுத்துக்கூட்டிக்கொண்டு உட்கார முடியாது, எண்ணைத் தட்டினால் போதும் என்று இருக்கவேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் எண்ணைத் தப்பாக வாசிக்கிறவர்களைக் காப்பாற்ற உலகத்தில் இவ்வளவு பேர் இருக்க, தேடிப் பிடித்து இவரிடமா வரவேண்டும்! சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

போர்த்துகீசியத்தில் அவருக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. ஆனால் பூஜ்யத்திலிருந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். உச்சரிப்பு எப்படியோ, எழுத்தைப் பார்த்தால் தமிழ் வாய் என்ன சொல்லுமோ அது. உம், டோய்ஸ், ட்ரெஸ், குவாட்ரோ. இருபதைத் தாண்டினால் நடுவில் ‘எ’ என்று ஒரு கண்ணி வரும், விண்டெ எ உம், இருபதும் ஒன்றும். ஆயிரம் எண்ணுக்கும் ஆயிரம் படம் வரைய ஆயுசு போதாது என்று துண்டு துண்டாக வரைந்து, எந்தத் துண்டுக்குப் பின்னால் எது வந்தால் எப்படி ஒட்டவேண்டும் என்று விதி எழுதிவைத்திருந்தார். ஒன்று தனியாக வந்தால் உம். ஆறு தனியாக வந்தால் செய்ஸ். ஒன்றும் ஆறும் ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டையும் தூக்கி அந்தப்பக்கம் போட்டுவிட்டு டெஸெஸெய்ஸ். இந்த ஒட்டுவேலைக்குக் கண் வேண்டாம், மண்டை போதும். எழுத்து வரைவதைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டார், ஒரே ஒரு எழுத்தைத் திரை முழுக்கச் சுவர் மாதிரி பெரிசாக்கிவிட்டு, ஓரக்கண்ணால் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே போனால் வளைவு பிடிபட்டுவிடும். முழு வார்த்தையை, ஒரு சாதாரணத் தாளில், சாதாரண மனுஷனைப் போல ஒரே பார்வையில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று? நேராகப் பார்த்தால் பார்க்கிற இடம் அழிந்துபோகிறது. ஈரம் காயாத அச்சில் பெருவிரலை வைத்துத் தேய்த்தமாதிரி, எதைப் பார்க்கவேண்டுமோ அதன்மேலேயே அந்தப் பெருவிரல்.

“நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டு இருக்கு சார். ஓரப்பார்வை நிக்கும். வீட்டுல யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க, பேசணும்.” அந்த டாக்டரம்மா நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். வீட்டில் யாரை? மனைவி புளோராவைத்தான். வேறு யார் இருக்கிறார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, வீட்டுப் படியேறி, அவள் “என்ன சொன்னாக?” என்று கேட்டதும் வாய் தன்பாட்டுக்கு, “ஒண்ணுமில்ல, கண்ணு காஞ்சுபோயிருக்காம். சொட்டு மருந்து” என்று சொல்லிவிட்டது. வாய்க்கு என்ன, அது சொல்லிவிடும். அப்புறம் அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியது இவர். ஸ்கூட்டரில் பெட்ரோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை எடுக்காமல் விட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினார். தெருவில் எதிரே வந்தவர்களுக்குச் சிரிக்காமல் போனதில், தவசிகாமணிக்கு வெளிநாட்டு வேலை வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சாகிவிட்டது. பேசட்டும். தலைக்கனம் என்று பேசுவது எவ்வளவோ தேவலை. ஐயோ பாவம் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அன்றைக்கே செத்தமாதிரி. கழுகுக் கண்ணு என்று பெயரெடுத்த மனுஷன்! மெட்ராஸ் கம்பெனியில் மயிரிழை அளவு கோடு தடித்திருந்தால் தூரத்திலிருந்தே சொல்லுவார், போய் அளந்து பார்த்துவிட்டு வந்து, ஆமா சார் என்பார்கள். அந்தக் கண் போனால் மிச்சம் என்ன இருக்கிறது, ஒரு சட்டை, ஒரு வேட்டி, நாற்காலியில் உட்கார்த்திவைத்த ஒரு உருவம். புளோரா தபாலாபீஸில் நாளெல்லாம் மாரடித்துவிட்டு வந்து இவருக்குச் சோற்றைப் பிசைந்து வைக்கவேண்டும். பயம்தான், வேறென்ன. நெஞ்சுக்குள் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிற பயம்.

இன்றைக்கு அந்தக் கல் கொஞ்சம் அதிகமாகவே கனத்தது. காரணம் மேஜைமேல் இருக்கிற பழுப்புக் கவர். மார்செலோ, பிரேசில்காரன், நல்ல பையன், நேற்று எழுதியிருந்தான்: மருந்து சமாச்சாரம், அதனால் ஒருவர் பார்த்தால் போதாது, தாளில் அச்சடித்து இரண்டுபேர் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டு நாளைக்கே அனுப்புங்கள், வந்த மறுநாளே மெஷினில் ஏற்றிவிடுவோம். இரண்டுபேர் சேர்ந்து பார்ப்பது இந்த வீட்டில் புதிதா என்ன. எந்த வேலை முடிந்தாலும் ஒருத்தர் தாளைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார், இன்னொருத்தர் இன்னொரு பிரதியில் ஸ்கேலை வைத்து வரிவரியாகத் தொடர்ந்து வருவார், சரி, சரி, சரி, ஆங் நில்லு. திரையை நம்பாதே, தாளை நம்பு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். ஆறேழு மாதமாகத்தான் அதை நைசாக நிறுத்தி வைத்திருந்தார், நானே பார்த்துட்டேன் புளோரா, நீ போய்ப் படு, என்று. இன்றைக்கு நிறுத்த வழியில்லை. காலையில் ஃபான்டையும் சோதனை எண்களையும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய் முக்கு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வந்தாயிற்று. கடைக்காரன் தாளை நீட்டினபோது இவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தலையை ஆட்டி, “பிரமாதம்” என்று வேறு சொன்னார். என்ன தெரிந்தது? மேலிருந்து கீழே சாம்பல் சாம்பலாகச் சில வரிகள். பிரமாதமாம்!

இப்போது யார் வாசிப்பது, யார் தொடர்வது? அவள் வாசிக்கட்டும், இவர் ஸ்கேலை நகர்த்திக்கொண்டே சரி சரி என்று சொல்லிக்கொண்டு வந்தால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குப் போர்த்துகீசியம் தெரியாது, தாளில் தப்பாக இருந்தாலும் தப்பைத்தான் வாசிப்பாள், இவர் அதற்கும் சரி என்பார், கையெழுத்து, முடிந்தது கதை. இல்லாவிட்டால் இவர் வாசிக்கலாம். வாசிப்பது என்ன வாசிப்பது, சோதனைக்கு எந்த எண் எந்த வரிசையில் என்று போட்டதே இவர், தலைகீழாகத் தெரியும். கையில் தாளைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்க வேண்டியதுதான். தாளில் இருப்பதும் இவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் ஒன்றும் வம்பில்லை. ஒரு வரி மாறியிருந்தாலும் போச்சு. கண் போனது இன்றைக்கே அம்பலம். முதல் வழியில் இவர் தப்பித்துக்கொள்ளலாம், இரண்டாவது வழியில் மாத்திரை சாப்பிடுகிறவன் தப்பித்துக்கொள்வான். அட, தாளில் தப்பு எப்படி இருக்கும், திரையில் ஒவ்வொன்றாகப் பெரிசாக்கிப் பார்த்ததுதானே? பார்த்ததுதான். அப்படியானால் எந்த வழியில் போனால் என்ன, ஏன் இப்படிக் கிடந்து உழப்பிக்கொள்ள வேண்டும். பதினாறு சரியாக வந்தது. பதினேழு வந்தது. பத்தொன்பது? பார்த்தோமா? பார்த்தோம். பார்த்தோம் என்று நினைக்கிறோமா? கையை நீட்டி மறுபடி தட்டப்போனவர், விரல் கீபோர்டில் படும்முன்னேயே எடுத்துக்கொண்டார். போதும் சாமி.

பத்தொன்பது என்றதும் அந்தக் கல்யாண அழைப்பிதழ் ஞாபகம் வந்தது. இருபத்துமூன்று வயதில், மெட்ராஸில், முதல் வேலை. பதினாறாம் தேதிக் கல்யாணத்துக்குப் பத்தொன்பது என்று அடித்திருந்ததை இவரும் பார்த்தார், மேலே இருந்த பெரியவரும் பார்த்தார், இரண்டுபேரும் சரி சரி என்றார்கள். வாசித்தவருக்கும் கேட்டவருக்கும் பசி, சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தாய்மாமன் விழுப்புரத்திலிருந்து பட்டு வேட்டியும் வெள்ளித் தாம்பாளமுமாகப் பத்தொன்பதாம் தேதி வந்து இறங்கினார். மண்டபத்தில் வேறு யாருக்கோ காதுகுத்து. மனுஷன் தாம்பாளத்தோடு நேராக அச்சகத்துக்கே வந்து, சத்தம்கூடப் போடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து, “ஒரே மருமவன் தம்பி” என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அதற்கப்புறம் இந்த முப்பது வருஷத்தில் இவர் ஒரு எண்ணை விட்டதில்லை. கல்யாணம் போனால் போகட்டும், அந்தத் தாய்மாமன் அழுதுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மாத்திரை அப்படியா? யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, பிரேசிலில் எல்லாரும் என்ன நிறமாக இருப்பார்கள் என்றுகூடத் தெரியாது, ராத்திரி விளக்கைப் போட்டு டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறாள், புருஷனுக்கோ பிள்ளைக்கோ கொடுக்கவேண்டும், எண் பொடிசாக இருக்கிறது, நல்லவேளை எழுத்திலும் போட்டிருக்கிறான் என்று நம்பி வாசிக்கிறாள். நம்பி. அந்த இடத்தில் தவசிகாமணிக்கு நாக்கு வறண்டது. தண்ணீர்ச் செம்பு எங்கே? வலது கைப்பக்கம்தான் காலையில் புளோரா வைத்தாள். நேராகப் பார்க்காமல் தலையைச் சாய்த்தால் தெரியும், இதோ, கிடைத்துவிட்டது. தண்ணீரும் வெதுவெதுவென்று இருக்கிறது, சே.

எழுந்து போய்ச் சொல்லிவிட்டால் என்ன? தபாலாபீஸுக்கே போய், கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்று, முறை வந்ததும், புளோரா எனக்குக் கண்ணு தெரியல என்று. பின்னால் நிற்கிறவன், ஐயா ஸ்டாம்பு கவுண்டர் அந்தப்பக்கம் என்பான். எதையும் விளையாட்டாக ஆக்கிவிடுகிற இந்தப் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது! சொன்னால் அவள் அழமாட்டாள், அது தெரியும். அவள் உடனே காரியத்தில் இறங்கிவிடுவாள், மதுரைக்குப் போவோம், அங்கே பெரிய டாக்டர் இருக்காக, லீவு போடுதேன் என்று. அவள் அப்படி எழுந்து நிற்பதைப் பார்க்கத்தான் இவருக்குச் சக்தியில்லை. இத்தனை வருஷமும் அவள் எழுந்து நின்று நின்றுதான் இந்த வீடு நிற்கிறது. இதையும் அவள் தலையில் தூக்கி வைக்கவேண்டுமா? வைக்காவிட்டால் எங்கே வைப்பது? தலை சுற்றுகிறமாதிரி இருந்தது, சுற்றுவது தலையா ஃபேனா தெரியவில்லை. எப்போது தூங்கினார், தூங்கினாரா, கீழே கேட் சத்தம் கேட்டது.

“என்ன, இருட்டுக்குள்ள உக்காந்திருக்கீக? லைட்டப் போட்டா என்ன, கரண்டு இருக்கே!” புளோரா படியேறும்போதே பேசிக்கொண்டு வருவாள். ஸ்விட்ச் சத்தம், அதோடு அவளுடைய வியர்வையும் கோந்தும் கலந்த வாசனை. “இன்னைக்கு ஒரே ஆதார் கூட்டம். ஒரு பொம்பள கைரேக விழல விழலன்னு என் மேல கத்துதா. ரேக தேய்ஞ்சதுக்கு நானா பொறுப்பு? அந்தத் தாளு வந்துட்டா? வாங்க, முகம் கழுவிட்டு வந்துருதேன், முடிச்சிருவோம். எனக்கு அப்புறம் இடுப்ப நிமித்த முடியாது.”

“நாளைக்குப் பாப்போமா?” என்று கேட்டார்.

“இன்னைக்கே அனுப்பணும்னுதானே சொன்னீக?”

ஆமாம், சொன்னார்தான். அவள் முகம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கவரிலிருந்து இரண்டு பிரதியையும் எடுத்து மேஜையில் வைத்தார். ஸ்கேலை எந்தப் பிரதிமேல் வைப்பது? கை தன் பிரதிமேல் வைத்தது. சரி சரி என்று சொல்லிவிடலாம், அஞ்சு நிமிஷம். அவள் ஈரமுகத்தோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ம், நான் வாசிக்கவா, நீங்க வாசிக்கீகளா? எனக்கு அந்த பாஷ வாயில நொழையாது, சொல்லிட்டேன்” என்றாள். களைத்த குரல். அந்தக் குரலை ஏமாற்ற இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு அவரிடம் இல்லை. தைரியம் என்று சொல்லமுடியாது, அலுப்புதான். ஸ்கேலை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“நான் வாசிக்கேன். நீ பாத்துக்கிட்டே வா. எழுத்து எழுத்தாப் பாரு.”

தாளைக் கையில் தூக்கிப் பிடித்தார். சாம்பல் வரிகள். “உம்,” என்றார். “சரி,” என்றாள். “டோய்ஸ்.” “சரி.” “ட்ரெஸ்.” “சரி.” ஒன்பது வரை ஓடியது, ஒரு தடங்கல் இல்லை, நெஞ்சு கொஞ்சம் இளகியது, அடப் பைத்தியக்காரா, இதற்கா மத்தியானம் முழுக்க வெந்து செத்தாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கொஞ்சம் ராகத்தோடுகூட, “டெஸெஸெய்ஸ்” என்றார். பதில் இல்லை. ஈரக்கையைச் சேலையில் துடைக்கிறாளாக்கும். “டெஸெஸெட்டெ,” என்றார். “டெஸொய்டோ. டெஸெநோவெ. என்ன புளோரா, சரி சொல்லு, தூங்கிட்டியா?”

“ஏங்க,” என்றாள். “நீங்க எதை வாசிக்கீக?”

“பதினாறு. பத்தாவது வரி.”

“பத்தாவது வரியத்தான் நானும் பாக்கேன். இதுல யூ, எம். கொஞ்சம் எடம் விட்டு எஸ், ஈ, ஐ, எஸ். அவ்வளவுதான் இருக்கு. அடுத்ததும் யூ எம்முலதான் ஆரம்பிக்கு. எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக, “உங்க தாளுல வேற மாதிரி இருக்கா?” என்றாள்.

உம் செய்ஸ். ஒன்று ஆறு. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஒட்டுகிற விதி ஒன்றுகூட வேலை செய்யவில்லை, தனித்தனி எண்ணாக, தனித்தனிச் சொல்லாக வந்திருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டர். லேபிள் அடிக்கிற மெஷினும் சாதாரண மெஷின்தானே? அங்கேயும் இப்படித்தான் வந்திருக்கும், பதினாறு மாத்திரை என்று போட்டால் ஒன்று, ஆறு என்று. சரி சரி என்று சொல்லியிருந்தால் நாளைக்கு அது மெஷினில் ஏறியிருக்கும். இவருக்கு முதலில் விதி எங்கே உடைந்தது என்றுதான் புத்தி ஓடியது, முப்பது வருஷப் பழக்கம், அப்புறம்தான் அவள் கேட்டது காதில் விழுந்தது. உங்க தாளுல வேற மாதிரி இருக்கா. இரண்டு தாளும் ஒரே அச்சு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். கண்ணாடியை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. தபாலாபீஸில் நாள் முழுக்க ஜனங்கள் சொல்லுகிற பொய்யைக் கேட்டுச் சலித்தவள், இதையும் கேட்டுக்கொள்வாள்.

“மார்செலோவுக்கு ஒரு மெயில் அடிக்கணும்,” என்றார். “நீ அடி.”

அவள் ஸ்டூலைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தாள். கவுண்டரில் உட்கார்ந்து பழகிய விரல்கள், இவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மழை பெய்கிறமாதிரி அடித்தன. அன்புள்ள மார்செலோ. தாளில் அச்சடித்துப் பார்த்தோம். தவறாக வந்திருக்கிறது. பதினாறு, ஒன்று ஆறு என்று வருகிறது. தயவுசெய்து எதையும் மெஷினில் ஏற்றாதே. தவறைக் கண்டுபிடித்தது என் மனைவி. காற்புள்ளி வேண்டாம், முற்றுப்புள்ளி. டக். சத்தம் நின்று, அடுத்த வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டு இருந்தாள்.

“நான் கண்டுபிடிக்கவில்லை,” என்று சொன்னார். டக டக டக. “எனக்கு.” டக. இங்கிலீஷ் வரவில்லை, தமிழிலேயே சொன்னார், திரையைப் பார்த்து இல்லை, எதையும் பார்த்து இல்லை. “எனக்குத் தாளு தெரியல. ஒரு வருஷமாவே சரியாத் தெரியல. இனிமே தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக.”

கீபோர்டில் சத்தம் இல்லை. கீழே தெருவில் யாரோ ஐஸ் வண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவள் மூச்சு ஒரு தடவை உள்ளே போய் வெளியே வரத் தாமதித்தது. இவர் மடியில் கிடந்த இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இதையும் போடணுமா?” என்றாள் புளோரா.

“போடு.”

பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, தேடித் தேடி அடிக்கிறவர்கள் மாதிரி, அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. வாக்கியம் முடியும் மட்டும் அவள் நிறுத்தவில்லை. முடிந்ததும் ஒரு கையை எடுத்து இவர் கைமேல் வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ம், மேல சொல்லுங்க,” என்றாள்.